சினாப்ஸிலிருந்து உட்கருவுக்கு: ஒரு செய்தி போய்ச் சேரும் வழி

1960களில் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பெர்னார்ட் அக்ரானாஃப் தங்கமீன்களுக்கு ஒரு பாடம் கற்றுக்கொடுத்தார். தொட்டியின் நடுவே ஒரு தடுப்பு. மீன் இருக்கும் பக்கத்தில் விளக்கு எரியும். உடனே தடுப்பைத் தாண்டி மறுபக்கம் போனால் தப்பித்தது. போகாவிட்டால் தண்ணீரில் லேசான மின்னதிர்ச்சி. சில தடவை பட்ட பிறகு, விளக்கைக் கண்டதும் தாண்ட வேண்டும் என்று மீன் கற்றுக்கொண்டது. பாடம் முடிந்த கையோடு அதன் மண்டைக்குள் பியூரோமைசின் என்ற மருந்தைச் செலுத்தினார். செல்லுக்குள் புதிய புரதம் உருவாவதைத் தடுக்கும் மருந்து அது. சில நாள் கழித்துச் சோதித்தபோது பாடம் மறந்துபோயிருந்தது.

அதே மருந்தை ஒரு மணி நேரம் தாமதித்துக் கொடுத்தால் ஒன்றும் ஆகவில்லை. நினைவு அப்படியே இருந்தது. பாடத்துக்கு முன்பே கொடுத்தாலும் மீன் கற்றுக்கொள்ளத்தான் செய்தது, அதை நாள்கணக்கில் வைத்துக்கொள்ளத்தான் முடியவில்லை. 1967இல் ஆக்டினோமைசின்-டி என்ற இன்னொரு மருந்தைக் கொண்டும் அவருடைய குழு இதே போன்ற முடிவைக் கண்டது. அந்த மருந்து புரதத்துக்கும் முந்தைய படியையே தடுக்கிறது: உட்கருவில் இருக்கும் மரபணுவிலிருந்து தூது ஆர்.என்.ஏ. படியெடுக்கப்படுவதை.

ஆக, கற்றுக்கொள்வது வேறு, கற்றதைத் தக்கவைப்பது வேறு. தக்கவைக்க உட்கருவின் உதவி வேண்டும், அதுவும் குறிப்பிட்ட நேரத்துக்குள் வேண்டும்.

இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. கற்றல் நடக்கும் இடம் சினாப்ஸ், அதாவது ஒரு நியூரான் (நரம்புச் செல்) இன்னொரு நியூரானுக்குச் செய்தி தரும் சந்திப்பு. மரபணுக்கள் இருப்பதோ செல் உடலின் நடுவில், உட்கருவுக்குள். இரண்டுக்கும் நடுவே நல்ல தூரம். நிறைய பாடநூல் படங்களில் சினாப்ஸிலிருந்து உட்கருவுக்கு ஒரே ஓர் அம்புக்குறி போட்டு முடித்துவிடுவார்கள். என்னைக் கேட்டால், நியூரான் உயிரியலின் மிக அழகான பகுதி அந்த ஓர் அம்புக்குள்தான் ஒளிந்திருக்கிறது. அதைப் பிரித்துப் பார்ப்பதுதான் இந்தக் கட்டுரை.

தூரம் எவ்வளவு?

நினைவுக்கு மிக முக்கியமான ஹிப்போகேம்பஸ் பகுதியில் இருக்கும் ஒரு பிரமிடு நியூரானை எடுத்துக்கொள்வோம். அதன் உட்கருவின் விட்டம் சுமார் 10 மைக்ரோமீட்டர். (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மைக்ரோமீட்டர்.) செல் உடலிலிருந்து டெண்ட்ரைட்டுகள் கிளை கிளையாகப் பிரிந்து போகின்றன. நுனிக் கிளைகள் உட்கருவிலிருந்து பல நூறு மைக்ரோமீட்டர் தள்ளி இருக்கும். இந்தக் கிளைகள் முழுக்கச் சிறு முட்கள் போன்ற புடைப்புகள். பெரும்பாலான தூண்டும் சினாப்ஸ்கள் இந்த முட்களின் தலையில்தான் அமைகின்றன. ஒரே நியூரானில் இப்படிப் பத்தாயிரத்தைத் தாண்டும் சினாப்ஸ்கள் இருக்கலாம். உட்கரு மட்டும் ஒன்றே ஒன்று.

ஒரு முள் எவ்வளவு சிறியது என்று கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு கன மைக்ரோமீட்டரில் பத்தில் ஒரு பங்கு கொள்ளளவு உள்ள முள் என்று வைத்துக்கொள்வோம். சும்மா இருக்கும் நியூரானுக்குள் கட்டற்ற கால்சியம் அயனியின் செறிவு சுமார் 100 நானோமோலார். இரண்டையும் பெருக்கி அயனிகளின் எண்ணிக்கையாக மாற்றினால் வரும் விடை ஆறு. ஆறு கோடி இல்லை, ஆறாயிரமும் இல்லை. அந்த முள்ளுக்குள் எந்த நேரத்திலும் சராசரியாக ஆறே ஆறு கால்சியம் அயனிகள்தான் கட்டில்லாமல் திரிகின்றன. செல்லுக்கு வெளியே இருக்கும் செறிவு இதைப் போலப் பத்தாயிரம் மடங்குக்கும் மேல். கதவு லேசாகத் திறந்தாலே உள்ளே நிலவரம் தலைகீழாக மாறிவிடும். செல்கள் செய்தி சொல்லக் கால்சியத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

கதவு எப்போது திறக்கும்?

செய்தி தரும் நியூரான் குளூட்டமேட் என்ற வேதிப்பொருளைச் சினாப்ஸில் கொட்டுகிறது. மறுபக்க முள்ளில் அதைப் பிடிக்க இரண்டு வகை ஏற்பிகள் காத்திருக்கின்றன. ஆம்பா ஏற்பி உடனே திறந்து சோடியத்தை உள்ளே விடும்; முள்ளின் மின்னழுத்தம் கொஞ்சம் உயரும். என்.எம்.டி.ஏ. ஏற்பிக்கு அது போதாது. அதன் வாயில் ஒரு மக்னீசியம் அயனி அடைத்துக்கொண்டு நிற்கிறது. குளூட்டமேட் வந்து ஒட்டவும் வேண்டும், அதே நேரத்தில் மின்னழுத்தம் போதிய அளவு உயர்ந்து மக்னீசியத்தை வெளியே தள்ளவும் வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் கால்சியம் உள்ளே பாயும். அதாவது "எனக்குச் செய்தி வந்தது" என்பதோடு "செய்தி வந்த நேரத்தில் இந்த நியூரானும் விழிப்பாக இருந்தது" என்பதும் உறுதியான பிறகே கதவு திறக்கிறது.

உள்ளே வந்த கால்சியம் அங்கேயே காம் கைனேஸ்-2 போன்ற நொதிகளை முடுக்கிவிட்டு அந்தச் சினாப்ஸை வலுப்படுத்துகிறது. ஏற்கெனவே இருக்கும் புரதங்களை இடம் மாற்றி, அவற்றில் பாஸ்பேட் என்ற சிறு வேதித் தொகுதியை ஒட்டிச் செய்யும் வேலை இது. ஒன்றிரண்டு மணி நேரம் தாக்குப்பிடிக்கும். அதற்கு மேல் நீடிக்கப் புதிய சரக்கு வேண்டும், உட்கருவுக்குத் தகவல் போயாக வேண்டும்.

அந்தக் கால்சியமே நேராக உட்கருவுக்கு நீந்திப் போகக்கூடாதா என்று கேட்கத் தோன்றும். முடியாது. செல்லுக்குள் நுழையும் கால்சியம் அயனிகளில் பெரும்பாலானவற்றைப் பிணைப்புப் புரதங்கள் உடனே பிடித்துக்கொள்கின்றன. மிச்சத்தைப் பம்புகள் வெளியே தள்ளுகின்றன. ஒரு முள்ளில் எழும் கால்சியம் ஏற்றம் ஒரு நொடிக்குள் அடங்கிவிடும், பெரும்பாலும் அந்த முள்ளைத் தாண்டியே வராது. ஆகவே தகவலை யாராவது கைமாற்றி எடுத்துப் போக வேண்டும். அதற்கு நியூரான் இரண்டு வழிகளை வைத்திருக்கிறது: ஒன்று வேகமானது, மற்றொன்று மெதுவானது.

வேக வழி: மின்சாரம்

பல சினாப்ஸ்கள் அடுத்தடுத்துத் தூண்டப்பட்டால் அவற்றின் மின்னழுத்தம் ஒன்று சேர்ந்து செல் உடலை எட்டும். போதிய அளவுக்குச் சேர்ந்தால் நியூரான் ஒரு மின்துடிப்பை வெளியிடும். இதற்கெல்லாம் சில மில்லிநொடிகள் போதும். செல் உடலின் சவ்வில் எல்-வகை கால்சியம் வாயில்கள் இருக்கின்றன. மின்துடிப்பு வந்ததும் அவை திறந்து, உட்கருவுக்குப் பக்கத்திலேயே கால்சியத்தை உள்ளே விடுகின்றன. கவனியுங்கள்: சினாப்ஸில் நுழைந்த கால்சியம் வேறு, இங்கே நுழையும் கால்சியம் வேறு. பயணம் செய்தது மின்னழுத்தம் மட்டும்தான்.

1996இல் கார்ல் டைசரோத், ஹருஹிகோ பிடோ, ரிச்சர்ட் சியென் மூவரும் ஹிப்போகேம்பஸ் நியூரான்களில் சினாப்ஸ்களைத் தூண்டிவிட்டு, உட்கருவுக்குள் கிரெப் என்ற புரதத்தில் பாஸ்பேட் ஏறுகிறதா என்று பார்த்தார்கள். ஏறியது. கிரெப்தான் இந்தக் கதையின் முக்கியப் பாத்திரம். மரபணுக்களின் முகப்பில் உட்கார்ந்திருக்கும் புரதம் அது. அதன் 133ஆவது அமினோ அமிலமான செரினில் ஒரு பாஸ்பேட் ஒட்டினால், சி.பி.பி. என்ற துணைப் புரதம் வந்து சேர்ந்து, அந்த மரபணு படியெடுக்கப்படத் தொடங்குகிறது.

கால்சியம் செல் உடலுக்குள் வந்த பிறகும் கடைசி ஒரு கட்டம் பாக்கி இருக்கிறது. கால்சியம் கால்மோடுலின் என்ற சிறு புரதத்தோடு சேரும். அந்த ஜோடி உட்கருவுக்குள் போய் காம் கைனேஸ்-4 என்ற நொதியை முடுக்கும். அந்த நொதி கிரெப்பில் பாஸ்பேட் ஒட்டும். அந்த ஜோடியை உள்ளே கொண்டுபோய் விடுவது யார் என்பதற்கு 2014இல் சியெனின் குழுவே ஒரு பதில் தந்தது. காம் கைனேஸ்-2இன் காமா வகை கால்சியம்-கால்மோடுலினைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு உட்கருவுக்குள் போய் விட்டுவிடுகிறது. பெயரில் நொதி என்றாலும் இந்த இடத்தில் அதன் நொதி வேலை தேவைப்படவே இல்லை. சுமப்பது மட்டும்தான் வேலை.

இந்த வழி எவ்வளவு தூரம் தன்னந்தனியாகப் போதும்? 2002இல் செரீனா டுடெக், டக்ளஸ் ஃபீல்ட்ஸ் இருவரும் செய்த சோதனை இதை நேரடியாகக் கேட்டது. ஹிப்போகேம்பஸ் துண்டுகளில் சினாப்ஸ் வழிச் செய்தியை மருந்து கொடுத்து நிறுத்திவிட்டார்கள். பிறகு நியூரானின் செய்தியை வெளியே கொண்டுபோகும் நீண்ட இழையான ஆக்சானைத் தூண்டி, மின்துடிப்பைப் பின்னோக்கி செல் உடலுக்கு அனுப்பினார்கள். ஒரு சினாப்ஸ்கூட வேலை செய்யாத நிலையிலும் உட்கருவில் கிரெப் விழித்துக்கொண்டது. தகவல் போக மின்துடிப்பே போதும் என்பது அவர்கள் வாதம்.

வேகம் சரி, ஆனால் இந்த வழியில் ஒரு குறை இருக்கிறது. கோயில் மணி அடித்தால் ஊருக்கே கேட்கும். அடித்தது யார் என்று அந்த ஓசையை வைத்துச் சொல்ல முடியாது. மின்துடிப்பும் அப்படித்தான். "நியூரான் மின்துடிப்பை வெளியிட்டது" என்று உட்கருவுக்குத் தெரியும். எந்தக் கிளையில், எந்த வகை ஏற்பி வழியாக, என்ன நடந்ததால் வெளியிட்டது என்பது தெரியாது.

மெது வழி: ஆளே நேரில் போவது

சினாப்ஸில் இருக்கும் சில புரதங்கள் அங்கிருந்து கிளம்பி, டெண்ட்ரைட் நெடுகப் பயணம் செய்து உட்கருவுக்குள் நுழைகின்றன. 2000க்குப் பிறகு இப்படிப்பட்ட தூதர்கள் ஒவ்வொருவராக அடையாளம் காணப்பட்டார்கள். எனக்கு இந்த வழிதான் அதிகம் பிடிக்கும், ஏனென்றால் இங்கே தகவலின் உள்ளடக்கமும் சேர்ந்தே பயணிக்கிறது.

முதலில் பயண நேரம். நீரில் விழுந்த சாயம் போல, புரதங்கள் தானாக விரவிப் போகலாம். ஆனால் விரவுதலில் தூரம் இரண்டு மடங்கானால் நேரம் நான்கு மடங்காகும். செல்லுக்குள் ஒரு நடுத்தரப் புரதம் 10 மைக்ரோமீட்டர் விரவ ஐந்து நொடி ஆகிறது என்று வைத்தால், 100 மைக்ரோமீட்டருக்கு எட்டு நிமிடத்துக்கு மேல், 500 மைக்ரோமீட்டருக்கு ஏறத்தாழ மூன்றரை மணி நேரம். அதற்குள் வேளை தப்பிவிடும். பக்கத்தில் இருக்கும் சினாப்ஸ்களுக்கு விரவுதல் போதும். நுனிக் கிளைகளுக்குப் போதாது.

அதற்குத்தான் டைனீன். செல்லுக்குள் ஓடும் நுண்குழல்களின் மீது, செல்லின் எரிபொருளான ஏ.டி.பி.யை எரித்துக்கொண்டு, எட்டு நானோமீட்டர் அளவிலான சிறு எட்டுகளாக வைத்து நடக்கும் மோட்டார் புரதம் இது. நொடிக்குச் சுமார் ஒரு மைக்ரோமீட்டர் வேகம். தங்குதடையின்றிப் போனால் 500 மைக்ரோமீட்டரை எட்டரை நிமிடத்தில் கடந்துவிடும். நடைமுறையில் தடை உண்டு: டெண்ட்ரைட்டுகளில் நுண்குழல்கள் இரு திசைகளிலும் கலந்து கிடப்பதால் சுமை முன்னும் பின்னும் அலைவது சகஜம். அப்படியும் விரவுதலை நம்பியிருப்பதைவிட இது மேல்.

டைனீனோடு தூதரைப் பிணைப்பது இம்போர்ட்டின் என்ற புரதம். இது எல்லாச் செல்களிலும் உட்கருவின் வாசலில் வேலை பார்ப்பது. பெரிய புரதங்கள் உட்கருத் துளை வழியாகச் சும்மா நுழைய முடியாது. தங்கள் உடலில் ஒரு குறிப்பிட்ட அமினோ அமில வரிசை இருந்தால் இம்போர்ட்டின் அதைப் பிடித்து உள்ளே அழைத்துப் போகும். 2004இல் கெல்சி மார்ட்டினின் ஆய்வுக்குழு, நியூரான்களில் இம்போர்ட்டின்கள் உட்கருவைச் சுற்றி மட்டுமில்லாமல் தொலைவிலுள்ள சினாப்ஸ்களிலும் இருப்பதையும், சரியான தூண்டல் வந்தால் அவை உட்கருவை நோக்கிக் கிளம்புவதையும் காட்டியது. வாசற்காவலர் ஒருவர் ஊர் எல்லையிலேயே வந்து நின்றிருக்கிறார் என்று தெரிந்த பிறகு, சினாப்ஸிலிருந்து ஆள் போகிறது என்பதை நம்புவது எளிதாகிவிட்டது.

தூதர்களில் ஒருவரைக் கிட்டத்தில் பார்ப்போம். பெயர் ஜேக்கப். ஜெர்மனியின் மாக்டபர்க் நகரில் மிக்கேல் கிராய்ட்ஸின் குழு இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தது. என்.எம்.டி.ஏ. ஏற்பிகள் எல்லாமே சினாப்ஸுக்குள் இருப்பதில்லை. சில சினாப்ஸுக்கு வெளியே, சவ்வின் மற்ற இடங்களில் இருக்கின்றன. உள்ளே இருப்பவை தூண்டப்பட்டால் அது பொதுவாக நியூரானுக்கு நல்லது. வெளியே இருப்பவை தூண்டப்பட்டால் குளூட்டமேட் அளவுமீறிக் கசிகிறது என்று அர்த்தம், அது ஆபத்தின் அறிகுறி. ஜேக்கப் இரண்டு நேரத்திலும் உட்கருவுக்குப் போகிறது. பிறகு உட்கரு எப்படி வேறுபடுத்தும்?

விடை 2013இல் வந்தது. சினாப்ஸுக்குள் இருந்து கிளம்பும் ஜேக்கப்பின் 180ஆவது அமினோ அமிலமான செரினில் எர்க் என்ற நொதி ஒரு பாஸ்பேட்டை ஒட்டி அனுப்புகிறது. வெளியே இருந்து வருவதில் அந்த முத்திரை இல்லை. முத்திரையோடு போனால் கிரெப் இயங்குகிறது, சினாப்ஸ்கள் வலுவடைகின்றன. முத்திரை இல்லாமல் போனால் கிரெப் அணைகிறது, சினாப்ஸ்கள் உதிர்கின்றன, நியூரான் சாவை நோக்கிப் போகிறது. இதில் இன்னொரு நுணுக்கம்: செல்லுக்குள் பாஸ்பேட்டை உரித்தெடுக்கும் நொதிகள் எங்கும் திரிகின்றன. நிமிடக்கணக்கான பயணத்தில் அந்த முத்திரை தப்பிப்பது கடினம். அதனால் ஆல்ஃபா-இன்டர்நெக்சின் என்ற இழைப் புரதத்தின் ஒரு துண்டு ஜேக்கப்போடு ஒட்டிக்கொண்டு, முத்திரை அழியாமல் காத்துக் கூடவே போகிறது. ஒரே ஒரு பாஸ்பேட்டுக்காகத் துணைக்கு ஓர் ஆள்! இதைப் படித்தபோது ஏற்பட்ட வியப்பு எனக்கு இன்னும் குறையவில்லை.

சி.ஆர்.டி.சி.1 இன்னொரு தூதர். சும்மா இருக்கும்போது இதன் மேல் பாஸ்பேட்டுகள் இருப்பதால் 14-3-3 என்ற புரதம் இதைச் சினாப்ஸ் பக்கமே பிடித்து வைத்திருக்கும். கால்சியம் வந்தால் கால்சிநியூரின் என்ற நொதி அந்தப் பாஸ்பேட்டுகளை நீக்கும், பிடி விடும், சி.ஆர்.டி.சி.1 டைனீன் ஏறி உட்கருவுக்குப் போய்க் கிரெப்புக்குத் துணை நிற்கும். ஜேக்கப்புக்கு பாஸ்பேட் ஏற வேண்டும், இதற்கு இறங்க வேண்டும். என்.எஃப்.-கப்பா-பி என்பதும் இதே பாதையில் போகும் மற்றொன்று.

எத்தனை சினாப்ஸ்கள் சேர்ந்தால் உட்கரு காது கொடுக்கும்? ரியோஹெய் யசுதாவின் குழு 2013இல் இதை முள் முள்ளாக எண்ணிப் பார்த்தது. லேசர் ஒளியால் குறிப்பிட்ட முட்களின் மேல் மட்டும் குளூட்டமேட்டை விடுவித்து, உட்கருவில் எர்க் நொதியின் இயக்கத்தை ஒளிரும் உணரி கொண்டு அளந்தார்கள். ஆயிரக்கணக்கான முட்களில் வெறும் மூன்றிலிருந்து ஏழு முட்களே போதுமானதாக இருந்தது. அந்தச் சிலவும் ஒரே கிளையில் நெருக்கமாக இருப்பதைவிட, வெவ்வேறு கிளைகளில் பரவி இருந்தபோது உட்கருவின் பதில் வலுவாக இருந்தது. ஒரு மூலையின் சத்தத்தைவிடப் பல பக்கங்களிலிருந்து வரும் ஒத்த குரலுக்குத்தான் உட்கரு மதிப்புத் தருகிறது.

வேக வழியா, மெது வழியா, எது உண்மையானது என்று சில காலம் வாதம் நடந்தது. இரண்டும் இருக்கின்றன என்பதுதான் இப்போது பெரும்பாலோர் ஏற்கும் நிலை. மின்துடிப்பு உட்கருவைச் சில நொடிகளில் எழுப்புகிறது. தூதர்கள் நிமிடக்கணக்கில் வந்து சேர்ந்து, எந்த மரபணுக்கள் எவ்வளவு நேரம் இயங்க வேண்டும் என்பதைத் திருத்துகிறார்கள். இந்த வேலைப்பிரிவு சரியாகத்தான் இருக்கும் என்பது என் எண்ணம்.

உட்கருவுக்குள்

தகவல் வந்த சில நிமிடங்களிலேயே சி-ஃபாஸ் என்ற மரபணு படியெடுக்கப்படுகிறது. அண்மையில் இயங்கிய நியூரான்களைக் கண்டுபிடிக்க ஆய்வாளர்கள் இன்றும் சி-ஃபாஸைத்தான் சாயமேற்றிப் பார்க்கிறார்கள். அதோடு ஆர்க், பி.டி.என்.எஃப். போன்ற மரபணுக்களும் இயங்கத் தொடங்குகின்றன.

உட்கருவின் இந்தப் பங்கு நினைவுக்குத் தேவைதானா என்பதை எரிக் கேண்டலின் ஆய்வகம் 1990இல் கடல் முயல் எனப்படும் கடல் நத்தை வகையான அப்லீசியாவின் நியூரான்களில் சோதித்தது. கிரெப் ஒட்டும் டி.என்.ஏ. வரிசையின் சிறு துண்டுகளை நிறைய எண்ணிக்கையில் உட்கருவுக்குள் ஊசியால் செலுத்தினார்கள். கிரெப் எல்லாம் அந்தப் போலித் துண்டுகளில் போய் ஒட்டிக்கொண்டது. உண்மையான மரபணுக்களுக்கு மிஞ்சவில்லை. சினாப்ஸின் குறுகிய கால வலுவேற்றம் வழக்கம் போல நடந்தது. நீண்டகால வலுவேற்றம் மட்டும் நின்றுபோனது. கேண்டலுக்கு 2000இல் நோபல் பரிசு கிடைத்த ஆய்வு வரிசையில் இதுவும் ஒன்று.

திரும்பும் பாதை

உட்கருவிலிருந்து வெளிவரும் சரக்கு நியூரான் முழுக்கப் போகிறது. பத்தாயிரம் சினாப்ஸ்களில் கேட்டது சிலதான். மற்றவை ஏன் வலுவடைவதில்லை?

1997இல் யூவே ஃப்ரே, ரிச்சர்ட் மாரிஸ் இருவரும் இதற்கு ஒரு பதில் தந்தார்கள். தூண்டப்பட்ட சினாப்ஸ் தன் மேல் ஒரு தற்காலிக அடையாளத்தை வைத்துக்கொள்கிறது. சரக்கு வரும்போது அடையாளம் உள்ள சினாப்ஸ் மட்டும் அதைப் பிடித்துக்கொள்கிறது. அவர்கள் ஒரு சினாப்ஸ் கூட்டத்தைப் பலமாகத் தூண்டினார்கள். ஒரு மணி நேரம் கழித்து அதே நியூரான்களின் வேறொரு கூட்டத்தை லேசாகத் தூண்டினார்கள். அந்த லேசான தூண்டல் தனியாக இருந்தால் அதன் விளைவு சில மணி நேரத்தில் மங்கிவிடும். ஆனால் இப்போது மங்கவில்லை. முதல் கூட்டம் கேட்டு வரவழைத்த சரக்கில் இரண்டாவது கூட்டமும் தன் பங்கை எடுத்துக்கொண்டது. கோயில் மணி போன்ற மின்துடிப்பின் குறையை இது ஓரளவு சரிக்கட்டுகிறது: யார் கேட்டது என்று உட்கருவுக்குத் தெரியாவிட்டாலும், கேட்டவருக்குத் தெரிந்தால் போதும்.

பாதை பழுதானால்

இந்தச் சங்கிலியின் சில கண்ணிகளுக்கு மனித நோய்கள் சாட்சியாக இருக்கின்றன. எல்-வகை கால்சியம் வாயிலின் மரபணுவில் மாற்றம் ஏற்பட்டால் டிமோத்தி நோய்க்குறி வரும்; இதயத் துடிப்புக் கோளாறோடு ஆட்டிசத்தின் இயல்புகளும் சேர்ந்து தென்படுகின்றன. கிரெப்போடு சேரும் சி.பி.பி.யின் மரபணு ஒரு பிரதியில் பழுதானால் ரூபின்ஸ்டைன்-டேபி நோய்க்குறி: அகன்ற கட்டைவிரல்கள், வளர்ச்சித் தாமதம், அறிவுத்திறன் குறைபாடு. இந்தத் தொடர்பு 1995இல் உறுதியானது.

சி.பி.பி.யின் ஒரு பிரதி பழுதான சுட்டெலிகளை உருவாக்கிப் பார்த்தபோது அவற்றின் குறுகிய கால நினைவு சரியாக இருந்தது, நீண்டகால நினைவுதான் குறைந்தது. சி.பி.பி. செய்யும் வேலைகளில் ஒன்று, டி.என்.ஏ. சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் புரதங்களில் அசிட்டைல் தொகுதியை ஒட்டி மரபணுவைத் திறந்துவைப்பது. ஒட்டியதை நீக்கும் நொதிகளைத் தடுக்கும் மருந்தை அந்த எலிகளுக்குக் கொடுத்தார்கள். நினைவுக் குறைபாடு தணிந்தது. மூளை வளர்ந்து முடிந்த எலிகளில் இது நடந்தது என்பதுதான் இதில் முக்கியம். பிறவியிலேயே வந்த பழுது என்றாலும், அதன் ஒரு பகுதியை பிற்காலத்தில் சரிசெய்ய இடமிருக்கிறது.